மில் தொழிலாளி கண்ட கனவு: 3 சகோதரிகளின் பாட்டு மட்டமா, மகத்துவமா? அரை நூற்றாண்டாக முடியாத சண்டை!

உலகத்திலேயே மோசமான இசைத்தட்டு எது என்று கேட்டால் மேல்நாட்டு இசை விமர்சகர்கள் பலர் ஒரு பெயரைச் சொல்வார்கள். உலகத்திலேயே அபூர்வமான இசைத்தட்டு எது என்று கேட்டாலும் அதே பெயரைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே தட்டு, ஒரே 12 பாட்டு. அது எப்படிங்க முடியும்?

அந்தக் குழுவின் பெயர் 'தி ஷாக்ஸ்'. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பிரீமாண்ட் என்ற சின்ன ஊரைச் சேர்ந்த டாட், பெட்டி, ஹெலன் என்ற 3 சகோதரிகள்தான் குழு. பெரிய கம்பெனி கிடையாது, மானேஜர் கிடையாது. எல்லாம் அப்பா போட்ட காசு. இது பற்றிய விவரம் வருமாறு:-

கைரேகை ஜோசியம்

அப்பா பெயர் ஆஸ்டின் விக்கின். பக்கத்தில் உள்ள எக்ஸிடர் என்ற ஊரில் பஞ்சாலையில் வேலை. இவர் இளைஞராக இருந்தபோது இவருடைய அம்மா இவர் கையைப் பார்த்து 3 பலன் சொன்னாராம். செம்பட்டை முடிக்காரப் பெண்ணை கல்யாணம் செய்வாய் என்பது ஒன்று. நான் செத்த பிறகு உனக்கு 2 பையன்கள் பிறப்பார்கள் என்பது இன்னொன்று. உன் பெண்கள் பாட்டுக் குழு வைத்து பேர் வாங்குவார்கள் என்பது மூன்றாவது.

முதல் இரண்டும் அப்படியே பலித்துவிட்டது. விடுவாரா மனுஷன்? மூன்றாவதையும் பலிக்க வைத்தே தீருவது என்று இறங்கிவிட்டார். பெண்களை பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்தினார். தபாலில் பாடம் வரவழைத்து படிக்க வைத்தார். கிடார், டிரம்ஸ் வாங்கிக் கொடுத்தார். டாட் கிடார் வாசித்து பாட வேண்டும், பாட்டு எழுதுவதும் அவர்தான். பெட்டிக்கும் கிடார். ஹெலனுக்கு டிரம்ஸ்.

காலையில் பயிற்சி, மத்தியானம் பாடம், அப்புறம் மறுபடி பயிற்சி, சாப்பாடு முடிந்ததும் திரும்பவும் பயிற்சி. நடுவில் உடற்பயிற்சி வேறு. அந்தப் பெண்களுக்கு ஊரில் சிநேகிதிகள் வைத்துக்கொள்ளக்கூட நேரம் இல்லை. "உங்களுக்கு ஆசை இருக்கா?" என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அப்பா சொன்னார், செய்தோம் என்றுதான் பிற்காலத்தில் பேட்டிகளில் சொன்னார்கள்.

1968-ல் எக்ஸிடரில் நடந்த திறமைப் போட்டியில் முதல் மேடை. ஜனங்கள் கேலி செய்து குளிர்பான டப்பாக்களை வீசினார்கள். வீட்டுக்கு வந்த அப்பா ஆறுதல் சொல்லவில்லை. இன்னும் அதிகமாக பயிற்சி செய்யுங்கள் என்றார்.

ஒரே நாளில் ரெக்கார்டிங்

1969 மார்ச் 9-ந் தேதி. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரிவியர் என்ற ஊரில் உள்ள ரெக்கார்டிங் ஸ்டூடியோவுக்கு மகள்களை அழைத்துப் போனார் ஆஸ்டின். அங்கே இருந்தவர்கள் வாசிப்பைக் கேட்டுவிட்டு, "இவங்க இன்னும் தயாராகலீங்க" என்று மரியாதையாகவே சொல்லிப் பார்த்தார்கள். சூடு ஆறுவதற்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார் அப்பா. கண்ணாடி அறைக்குள் இருந்த இன்ஜினீயர்கள் கதவைச் சாத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

ஆனால் உள்ளே ஒரு வேடிக்கை. நடுநடுவே சகோதரிகள் தாங்களாகவே நிறுத்தி, 'தப்பு வந்துடுச்சு, முதல்ல இருந்து' என்று மறுபடி ஆரம்பித்தார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு எது தப்பு, எது சரி என்றே புரியவில்லை! இந்த ஒரு விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

'உலகத்தின் தத்துவம்' என்று அர்த்தம் வரும் பெயரில் தட்டு வெளியானது. 1000 காப்பி அடித்தார்கள். அதில் 900 காப்பி மாயமாகிவிட்டது என்று சொல்கிறார்கள். கைக்கு வந்தது 100 போல. பேரும் இல்லை, பணமும் இல்லை. ஊர் டவுன் ஹாலில் சனிக்கிழமை ராத்திரி கச்சேரி மட்டும் 1973 வரை நடந்தது. சில பேர் ஆட வந்தார்கள், சில பேர் கிண்டல் அடிக்க வந்தார்கள்.

1975-ல் ஆஸ்டின் மாரடைப்பில் இறந்தார். வயது 47 தான். அவர் போன உடனே குழுவும் கலைந்தது. சகோதரிகள் மேடையை விட்டு இறங்கி வீடு, குடித்தனம், வேலை என்று போய்விட்டார்கள்.

அப்படி என்னதான் கோளாறு?

ராக் இசையில் டிரம்ஸ்தான் முதுகெலும்பு. அது போடும் தாளத்தில் கிடார் உட்கார வேண்டும், அதற்கு மேலே பாட்டு. இவர்கள் விஷயத்தில் தலைகீழ். டாட் எழுதிய வரியில் எத்தனை எழுத்து இருக்கிறதோ அத்தனை தட்டு கிடாரில். வரி நீண்டால் தாளமும் நீளும், குறைந்தால் குறையும். பாடுகிற மெட்டையே கிடாரும் பின்னாலேயே வாசிக்கும். கிடாருக்கு சுருதி சேரவில்லை. ஹெலன் பாட்டுக்கு ஒரு பக்கம் தன் தாளத்தை போட்டுக்கொண்டே போவார். நாதஸ்வரம் ஒரு கல்யாணத்துக்கும் தவில் பக்கத்து மண்டபக் கல்யாணத்துக்கும் வாசித்தால் எப்படி இருக்கும், அப்படி.

பாட்டின் விஷயம் என்னவோ குழந்தை மனசு. டாட் வளர்த்த பூனைக்கு 'புட் புட்' என்று பேர், அது காணாமல் போனதைத் தேடுகிற பாட்டு ஒன்று. பெற்றவர்கள்தான் நம்மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள் என்று ஒரு பாட்டு. அப்பாவின் கெடுபிடியை தெரிந்துகொண்டு அதைக் கேட்டால் மனசு என்னவோ செய்யும்.

விமர்சகர்கள் மோதல்

கைக்கு வந்த அந்த கொஞ்சம் காப்பிகளில் சில ரேடியோ ஸ்டேஷன்களுக்கு போயிருந்தன. அதைக் கேட்டு அசந்துபோன 'என்.ஆர்.பி.க்யூ.' என்ற ராக் குழுவினர், 1980-ல் ரவுண்டர் கம்பெனி மூலம் தட்டை மறுபடி வெளியிட வைத்தார்கள். அப்போதுதான் சண்டை ஆரம்பம்.

'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை கிண்டலும் பாராட்டும் கலந்து எழுதியது. மறுவரவு விருது கொடுக்கிற மாதிரி இவர்கள் பேரைப் போட்டது. ஒரு தடவைகூட சரியாக வராதவர்களுக்கு மறுவரவு! லெஸ்டர் பேங்ஸ் என்ற கறாரான விமர்சகர் 1981-ல் 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகையில், பீட்டில்ஸை விட இவர்கள் மேல் என்று தலைப்பே கொடுத்து எழுதினார். சோதனை முயற்சிகளுக்கு பேர் போன பிராங்க் ஜப்பாவும் அதையே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. 'நிர்வாணா' குழுவின் கர்ட் கோபேன் தனக்குப் பிடித்த 50 இசைத்தட்டுகளை நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதில் 5-வது இடம் ஷாக்ஸுக்கு.

ஆதரவாளர்கள் வாதம் இதுதான். 'ஆர்ட் ராக்' பேர்வழிகள் காலேஜில் படித்துவிட்டு, வேண்டுமென்றே தாளத்தை உடைத்து, சுருதியைக் கலைத்து, புதுமை என்கிறார்கள். இந்தப் பெண்கள் யாரையும் காப்பி அடிக்காமல் தானாகவே அங்கே போய் நிற்கிறார்கள். துளி பாசாங்கு கிடையாது என்கிறார்கள்.

எதிர்த்தரப்பு விடுமா? வாசிக்கத் தெரியாதவர்களை கலை என்று தூக்கிப் பிடிப்பது, அந்தப் பெண்களை வைத்து செய்கிற கேலிதான், படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று அடித்தார்கள்.

இரண்டு தரப்புமே ஒன்றை கவனிக்கவில்லை என்பது என் கருத்து. ஸ்டூடியோவில் அந்தப் பெண்கள் 'தப்பு' என்று நிறுத்தினார்களே, அதுதான். அவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. வாய்க்கு வந்தபடி வாசித்திருந்தால் தப்பு எங்கே இருந்து வரும்? அப்படிப் பார்த்தால் தெரியாமல் செய்த புதுமை என்பதும் பொய், வெறும் உளறல் என்பதும் பொய்.

இன்னொரு கூத்தும் உண்டு. 1975-ல், அப்பா இறப்பதற்கு முன், மறுபடி ரெக்கார்டிங் செய்தார்கள். அதற்குள் நன்றாக வாசிக்கப் பழகி இருந்தார்கள். அந்தப் பாட்டுகள் 1982-ல் வெளியானது. பழைய தட்டில் இருந்த மாயம் இதில் இல்லையே என்று சொன்னவர்கள் யார் தெரியுமா? அதே ரசிகர்கள்தான்! ராத்திரி பகலாக உழைத்து முன்னேறியதற்கு கிடைத்த பரிசு அது.

சகோதரிகள் என்ன ஆனார்கள்?

1999-ல் தட்டு மறுபடி சி.டி.யாக வந்தது. 'நியூயார்க்கர்' பத்திரிகையில் சூசன் ஆர்லியன் அவர்களைத் தேடிப் போய் நீண்ட கட்டுரை எழுதினார். உலகமே வியக்கும் குழு என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் டாட் வீடுகள் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தார். பெட்டிக்கு குடோனில் வேலை. அதே வருஷம் நியூயார்க்கில் டாட், பெட்டி இருவரும் மேடை ஏறினார்கள். உடல்நிலை காரணமாக ஹெலன் வரவில்லை. 2006-ல் அவர் காலமானார்.

2011-ல் நியூயார்க்கில் இவர்கள் கதை இசை நாடகமாக அரங்கேறியது. 2013-ல் டாட் தன் பெயரில் புதுக் குழு அமைத்து ஒரு தட்டு வெளியிட்டார், அந்தக் காலத்தில் எழுதி வைத்த பாட்டுகளும் அதில் இருந்தன.

2017-ல் மாசசூசெட்ஸில் 'வில்கோ' என்ற பிரபல குழு நடத்திய இசை விழாவில் டாட், பெட்டி இருவரும் பழைய பாட்டுகளைப் பாடினார்கள். கிடாரும் டிரம்ஸும் வாசித்தவர்கள் வேறு ஆட்கள், தொழில்முறைக் கலைஞர்கள். ஒவ்வொரு அடியையும் பழைய தட்டைப் போட்டுப் போட்டு கேட்டு, மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார்கள். அதில் டிரம்ஸ் உட்கார்ந்தவருக்கு வேலை, 1969-ல் இன்ஜினீயர்களை சிரிக்க வைத்த ஹெலனின் தாளத்தை ஒரு தட்டுகூட பிசகாமல் திரும்பப் போடுவது.