வீட்டில் சோப்புத் தொழில்: தொடங்குமுன் அறிய வேண்டியவை

அலங்காநல்லூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பகுதிகளில் பெரியாற்றுப் பாசனத்தின் துணையால் தென்னை செழித்து வளர்கின்றது. தேங்காயைத் தோப்பிலேயே விற்றுவிடுகிறோம். தேங்காயெண்ணெய் சேர்ந்த சோப்பைக் கடையில் விலை கொடுத்து வாங்குகிறோம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள லாபத்தில் ஒரு பகுதியேனும் நம் இல்லங்களில் தங்காதா என்று அங்கத்தினர் பலர் எண்ணுவது இயல்பே.

இதற்கு மைசூர் சமஸ்தானம் நல்லதோர் உதாரணம். முதல் உலகப் போரின்போது சந்தன மரத்தின் ஏற்றுமதி தடைப்பட்டது. தேங்கிய மரத்திலிருந்து 1916ஆம் ஆண்டில் அங்கேயே எண்ணெய் வடிக்கத் தொடங்கினர். 1918இல் அவ்வெண்ணெய் கலந்த சோப்பு வெளிவந்தது. மூலப்பொருளாகவே வெளியே போய்க்கொண்டிருந்த சரக்கு, உள்ளூரில் ஒரு தொழிலாயிற்று. அது அரசாங்கத்தின் பெருமுயற்சி. நமது முயற்சி சிறியது. ஆயினும் வழி ஒன்றே.

சோப்பு என்பது எண்ணெயும் காரமும் ஒன்றையொன்று மாற்றிப் பிறக்கும் பொருள். சாயமிடும் நெசவாளருக்குக் காஸ்டிக் சோடா புதியதன்று. ஆனால் கைப்பழக்கத்தால் அள்ளிப் போடுவது இத்தொழிலுக்கு உதவாது. ஒவ்வோர் எண்ணெய்க்கும் வேண்டிய கார அளவு வேறு. 1 கிலோ தேங்காயெண்ணெய்க்கு 183 கிராமும், கடலை எண்ணெய்க்கு 136 கிராமும், ஆமணக்கெண்ணெய்க்கு 128 கிராமும் தேவை. காரம் மிகுந்தால் தோல் எரியும். மிகக் குறைந்தால் சோப்பு பிசுபிசுக்கும்.

எளிய கலவை ஒன்றைக் கூறுவோம். தேங்காயெண்ணெய் 600 கிராம், கடலை எண்ணெய் 300 கிராம், ஆமணக்கெண்ணெய் 100 கிராம். கணக்குப்படி இதற்கு 163 கிராம் காரம் வேண்டும். தோலின் நன்மைக்காக நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்து 155 கிராம் எடுத்துக்கொள்க. தண்ணீர் 310 கிராம். நம் பகுதிக் கிணற்று நீர் பலவிடங்களில் உப்புத் தன்மை உடையதாதலால், வடிகட்டிய மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ நல்லது. அனைத்தையும் தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும்; படியாலோ டம்ளராலோ அளத்தல் கூடாது.

காரத்தைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாக இட வேண்டும். காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எவர்சில்வர் பாத்திரம் ஏற்றது. அலுமினியம் கூடவே கூடாது. காரம் அதை அரித்துத் தீப்பற்றும் வாயுவை உண்டாக்கும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில், குழந்தைகள் அணுகாதபடி வேலை செய்க. கண்ணில் பட்டுவிட்டால் உடனே கால்மணி நேரத்துக்குக் குறையாமல் நீர்விட்டுக் கழுவி, மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஒரு துளி காரநீர் பார்வையைப் பறிக்க வல்லது.

கரைசலும் எண்ணெயும் வெதுவெதுப்பான பதத்துக்கு ஆறியபின் கலந்து, கூழ்போல் கெட்டியாகும்வரை கிளறுக. காகிதம் விரித்த மரப்பெட்டியில் ஊற்றி, ஓரிரு நாள் கழித்துத் துண்டு போடுக. பின்னர் நான்கு முதல் ஆறு வாரம் நிழலில் காற்றாட அடுக்கி உலர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு 100 கிராம் எடையில் ஏறத்தாழ 12 கட்டிகள் கிடைக்கும்.

இந்த ஆறு வாரமே பலரும் கணக்கில் சேர்க்காத செலவாகும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை செய்பவர், முதற் கட்டியை விற்குமுன் 21 தடவை செய்திருப்பார். 21 கிலோ எண்ணெயும் 252 கட்டிகளும் பரணில் முடங்கியிருக்கும். கையிலுள்ள சேமிப்பு முழுவதையும் முதல் மாத எண்ணெயிலேயே போட்டுவிட்டால், இரண்டாம் மாதம் கடன் வாங்க நேரும். அவசரப்பட்டு உலராத கட்டியை விற்றாலோ, வாங்கியவர் மறுமுறை வாரார்.

சட்டத்தையும் மறத்தலாகாது. குளியல் சோப்பு அழகுசாதனப் பொருள் என்ற வகையைச் சேர்ந்தது. அதை விற்பனைக்காகச் செய்வதற்கு, 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். தகுந்த இடவசதியும் தகுதி பெற்ற மேற்பார்வையாளரும் இருத்தல் அவசியம். உறைமீது செய்தவர் முகவரி, உரிம எண், எடை, விலை, சேர்மானம் முதலியவை அச்சிடப்பட வேண்டும். வேப்பெண்ணெய் சேர்த்துவிட்டு, “சொறி சிரங்கு தீரும்” என்று எழுதினால் அது மருந்தாகக் கருதப்படும். அதற்கு விதிகள் வேறு.

இத்தனையையும் ஒரு குடும்பம் தனித்துச் சுமப்பது கடினம். பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் பொதுக்கூடம் ஒன்று, உரிமம் ஒன்று, மேற்பார்வையாளர் ஒருவர் போதும். எண்ணெயை மொத்தமாக வாங்கலாம். உலரும் காலத்தின் முதலீட்டையும் பங்கிட்டுக் கொள்ளலாம். முதலில் இரண்டு தடவை செய்து, ஆறு வாரம் பொறுத்து, தம் வீட்டிலேயே பயன்படுத்திப் பார்க்கட்டும். எண்ணெய், காரம், உறை, உடைந்த கட்டி, கடைக்காரர் கழிவு, தம் கூலி ஆகிய யாவற்றையும் எழுதிக் கூட்டட்டும். தம் கூலியையும் சேர்த்துப் பார்த்தபின் மிஞ்சுவதே லாபம். அது மிஞ்சுமாயின் கூடி முனைவோம். மிஞ்சாதாயின் இரண்டு கிலோ எண்ணெயோடு நின்றுவிடுவதே விவேகம்.