பூவிலிருந்து கொட்டை வரை: தென்னந்தோப்பில் கோகோ விளைச்சலைக் கூட்டும் வழி

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத் தென்னந்தோப்புகளில் கோகோ ஊடுபயிராக நிற்கிறது. வரப்புக்கு இந்தப் பக்கம் அடிமரம் முழுக்கக் காய். அந்தப் பக்கம் வெறும் இலை. மண்ணும் தண்ணீரும் ஒன்றுதான். ஆண்டு முழுக்கச் செய்யும் கைவேலைதான் இந்த வித்தியாசத்தை உண்டாக்குகிறது. சிறு விவசாயியால் செலவில்லாமல் செய்யக்கூடியவையே இதில் அதிகம்.

1. நடவு: 7.5 மீட்டர் இடைவெளித் தோப்பில் இரண்டு தென்னை வரிசைக்கு நடுவே ஒரு கோகோ வரிசை, செடிக்குச் செடி 3 மீட்டர். தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத மரங்கள் கோகோவில் ஏராளம். அதனால் ஒரே தாய்மரத்து ஒட்டுக்கன்றுகளை மட்டும் நடாமல், பல ரகங்களைக் கலந்து நடுங்கள்.

2. கவாத்து: பூ வருவது அடிமரத்திலும் முதிர்ந்த கிளையிலும். அங்கே வெளிச்சமும் காற்றும் பட வேண்டும். நேராக மேலெழும் போத்துகளை மாதம் ஒருமுறை கிள்ளிவிடுங்கள். மரத்தைக் குடைபோல, கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள்.

3. சருகு: மரத்தடியைக் கூட்டிச் சுத்தமாக வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. ஈரச் சருகைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். கடுகைவிடச் சிறிய ஈக்கள் எழும். கோகோப் பூவில் மகரந்தம் சேர்ப்பவை இந்த வகை ஈக்களே. நூறு பூவில் காயாவது ஐந்துக்குள்தான். பிடிக்காத பூ ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். வாழைத்தண்டை நறுக்கிப் போட்டால் ஈக்கள் பெருகும்.

4. ஊட்டமும் காவலும்: காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 100, மணிச்சத்து 40, சாம்பல்சத்து 140 கிராம், இரண்டு தவணையாக. பிஞ்சு கருகினால் உடனே மருந்துக்கு ஓடாதீர்கள். தாங்காத பிஞ்சை மரமே விட்டுவிடும்; கோடையில் தண்ணீர் குறைந்தால் அது கூடும். மழைக்காலத்தில் காய் கறுத்து அழுகுவதுதான் நோய். அந்தக் காய்களைப் பறித்துப் புதைத்துவிட்டு, 1 சதவீத போர்டோ கலவை தெளியுங்கள்.

5. பறிப்பு: பூத்து ஐந்தாறு மாதத்தில் பச்சைக் காய் மஞ்சளாகும். 10 முதல் 15 நாளுக்கு ஒருமுறை பறியுங்கள். தாமதித்தால் அணிலுக்கும் எலிக்கும்தான் போகும். காயைத் திருகி இழுக்காமல் காம்பைக் கத்தியால் வெட்டுங்கள். காம்பு இருந்த முடிச்சில்தான் அடுத்த பூவும் வரும். அது பிய்ந்தால் அந்த இடம் மலடு.

6. புளிக்கவைத்தல்: காயைக் கட்டையில் தட்டி உடைத்து, சதையோடு கொட்டையை எடுத்து, வாழையிலை விரித்த கூடையில் நிரப்பி மூடுங்கள். மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் கிளறி, ஆறு நாள் வையுங்கள். கொட்டை கொஞ்சமாக இருந்தால் சூடு ஏறாது. பக்கத்துத் தோப்புக்காரரோடு சேர்ந்து செய்யுங்கள். பிறகு ஈரம் 7 சதவீதத்துக்கு இறங்கும்வரை வெயிலில் உலர்த்துங்கள்.

கடைசியாக நாலைந்து கொட்டையை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். உள்ளே பழுப்பும் வெடிப்புமாக இருந்தால் தரம் சரி. ஊதா நிறம் தெரிந்தால் புளிப்பு போதவில்லை; அடுத்த முறை ஒரு நாள் கூட்டி வையுங்கள்.