பணம் மக்களுடையது; பாடம் யாருடையது?

1948 ஆம் ஆண்டு. 'பில்ஹணன்' படத்தில் பாரதியின் பாட்டொன்றைச் சேர்த்தார்கள் டி.கே.எஸ். சகோதரர்கள். எழுந்தது வழக்கு! பாட்டெழுதிய பாரதியோ 1921-லேயே மறைந்துவிட்டார். பாட்டின் இசைத்தட்டு உரிமையோ கைமாறிக் கைமாறி, படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பனிடம் இருந்தது. நாட்டுக்காகப் பாடியவன் பாட்டை நாட்டார் பாடுவதற்கு நீதிமன்றத்தின் அனுமதியா என்று கொதித்தனர் மக்கள். 1949-ல் ஓமந்தூரார் ஆட்சி பாரதி நூல்களின் உரிமையைப் பெற்றது. மெய்யப்பன் தம் உரிமையைக் காசு வாங்காமலே விட்டுக்கொடுத்தார். நல்லதை யார் செய்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

கதை அங்கே முடிந்ததென்று எண்ணுவோர் உண்டு. முடியவில்லை! உரிமை சர்க்காரின் பெட்டிக்கு வந்ததே தவிர, மக்கள் கைக்கு வரவில்லை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்ற நிலை 1950களின் நடுவில்தான் வந்தது. அரசின் உடைமை வேறு, மக்களின் உடைமை வேறு என்பதைத் தமிழகம் அன்றே பார்த்துவிட்டது. பார்த்ததை மறந்துவிடக்கூடாதே என்பதற்காகத்தான் இன்று பள்ளிப் பாடநூலைப் பற்றிப் பேசுகிறோம்.

பாடநூல் யார் பணத்தில் உருவாகிறது? தீப்பெட்டி வாங்கும் பாட்டி கட்டும் வரியிலே! எழுதிய ஆசிரியருக்கு ஊதியம், படம் வரைந்தவருக்குக் கூலி, தாளுக்கு விலை, அச்சுக்குச் செலவு, எல்லாம் மக்கள் பணம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த நூல் விலையில்லாமல் வருகிறது. இணையத்திலும் கிடைக்கிறது. பிறகு என்ன குறை என்கிறீர்களா?

படிக்கலாம், ஐயா! படிக்கலாம். ஆனால் மலேசியாவிலே ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர், நம் அறிவியல் பாடத்தில் ஓர் அத்தியாயத்தை எடுத்து, தம் ஊர் மரத்தையும் மழையையும் சேர்த்து, புதிதாக அச்சிட்டு நூறு பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? மலையூர்ப் பள்ளி ஆசிரியை பாடத்தைப் பழங்குடிப் பிள்ளைகளின் பேச்சுமொழியிலே பெயர்த்து நூலாக வெளியிடலாமா? வகுப்பறையில் கற்பிக்க நகலெடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை; 2016-ல் டில்லி உயர்நீதிமன்றமும் டில்லிப் பல்கலைக்கழக நகலக வழக்கில் அதை உறுதிசெய்தது. வகுப்பறை வாசலைத் தாண்டி நூலாக வெளியிட வேண்டுமென்றால் அனுமதிக் கடிதம் எழுத வேண்டும். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். வருமா என்பது வேறு கதை!

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, அரசு வெளியிடும் நூலுக்கு 60 ஆண்டு காவல். 'உரிமை எமக்கே' என்று ஒரு சொல் அச்சிடாவிட்டாலும் பூட்டு தானாகவே விழும். திறப்பதற்குத்தான் எழுத்து வேண்டும்! 2018-ல் வெளிவந்த ஆறாம் வகுப்பு நூலை எடுத்துக்கொள்வோம். திறந்த உரிமம் எழுதாமல் விட்டால் 2079 பிறக்கும்போதுதான் அதற்கு விடுதலை. அன்று அந்த நூலைப் படித்த பதினொரு வயதுப் பிள்ளைக்கு வயது எழுபத்திரண்டு! பேரப்பிள்ளைகளும் படித்து முடித்திருப்பார்கள். மக்கள் பணத்தில் செய்த பெட்டிக்கு மக்கள் காணும் சாவி இதுதானா?

சாவி செய்வது கடினமல்ல. 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்ற உரிமங்கள் 2002 முதல் உலகெங்கும் உண்டு. 'எடுக்கலாம், திருத்தலாம், பரப்பலாம். மூலத்தின் பெயரைச் சொல்லவேண்டும்' என்பதே அவற்றுள் எளியது. 2019 நவம்பரில் யுனெஸ்கோவும் திறந்த கல்வி வளங்களுக்கான பரிந்துரையை ஏற்றது. கல்வியை 1976-ல் பொதுப்பட்டியலுக்கு இழுத்துச் சென்ற டில்லி என்ன செய்தது? 2013-ல் திறந்த கல்வி வளங்களுக்கென ஒரு களஞ்சியம் திறந்தது, திறந்த உரிமத்தோடு. அதே என்.சி.இ.ஆர்.டி. தன் பாடநூல்களை அனுமதியின்றி எடுத்தாள்வோரை 2024-ல் எச்சரித்தது! ஒரு கை திறக்கிறது, மறு கை தாழிடுகிறது.

நமக்கு முன்மாதிரி நம்மிடமே உண்டு. பாவேந்தர் முதல் அறிஞர் அண்ணா வரை, 2024-ல் கலைஞர் வரை நூல்கள் நாட்டுடைமையாயின. 2016-ல் தமிழ் இணையக் கல்விக்கழகம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்களை விக்கிமூலத்துக்குத் தந்தது. யார் யாரோ, ஊர் பேர் தெரியாத தோழர்கள், கூலியின்றி உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பிழைதிருத்தினார்கள். திறந்துவிட்டால் தமிழர் சும்மா இருப்பதில்லை.

உரைநூல் வியாபாரி காசாக்கிவிடுவானே என்பார்கள். 'நீ திருத்தியதையும் இதே நிபந்தனையில் பிறருக்குத் திறந்துவிடு' என்று கூறும் உரிமமும் இருக்கிறது, அதைப் போடலாம். இன்னொரு அச்சம் நமக்கே உண்டு. பெரியார் பாடத்தைச் சிதைத்து, வைக்கத்தை மறைத்து எவனாவது அச்சிட்டால்? திருத்தினேன் என்று அவன் சொல்லியாக வேண்டும்; அரசு ஒப்புக்கொண்டதாகக் காட்டவும் கூடாது. மூலம் அரசின் தளத்திலே நிற்கும். பொய்யனைப் பிடிக்க அது போதும். மேலும், பொய்யன் அனுமதி கேட்டுக்கொண்டா எழுதுகிறான்?

உண்மையான தொல்லை வேறிடத்தில் இருக்கிறது, நுணுக்கத்தில்! பாடத்துக்குள் விலைக்கு வாங்கிய ஒரு புகைப்படம் இருந்தால், அதன் உரிமை அரசுடையதன்று. அரசு அதைத் தானம் செய்ய முடியாது. ஆகவே அந்தப் படத்தின் கீழே தனிக்குறிப்பு வேண்டும். அல்லது முதலிலேயே எழுத்தாளரோடும் ஓவியரோடும் போடும் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கவேண்டும். அச்சான பிறகு தேடிப்போனால் பாதிப்பேர் முகவரியே கிடைக்காது. எழுத்துருவும் அப்படித்தான். 2010-ல் ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது தமிழக அரசு. பழைய எழுத்துருவில் அடித்த பக்கத்தை எடுத்து ஒட்டினால் குறியும் கோடுமாய்க் கொட்டுகிறது! உரிமம் கொடுத்துவிட்டு, திருத்தமுடியாத கோப்பைக் கொடுப்பது கதவைத் திறந்துவிட்டுப் படிக்கட்டை இடிப்பது போன்றது.

ஆகவே நாம் கேட்பது ஆணை மட்டுமல்ல. ஆணையை ஒவ்வொரு நூலிலும் நிறைவேற்ற, பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய ஓர் அலுவலர். பாடநூலின் முன்பக்கத்தில் தீண்டாமை பெருங்குற்றம் என்று அச்சிடுகிறோமே, அந்த வரிக்குக் கீழே இடமிருக்கிறது. அடுத்த பதிப்பு அச்சகம் போகுமுன் உரிம வரியை அங்கே சேர்க்கட்டும்.