விதை சேர்த்தவர் மறைந்த பிறகு அந்த விதைகள் என்ன ஆகும்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. அடுத்த மூன்றே வாரத்தில், டிசம்பர் 6 அன்று, ‘நெல்’ ஜெயராமன் புற்றுநோயால் காலமானார். வயது 50. திருத்துறைப்பூண்டி பக்கம் கட்டிமேட்டைச் சேர்ந்த அவர் தேடித் தேடிச் சேர்த்த பாரம்பரிய நெல் ரகங்கள் 174.

சேர்த்தவர் இல்லை. சுற்றுவட்டாரமே புயலில் சிதைந்து கிடந்தது. அந்தச் சேகரிப்பும் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை. காரணம் ரொம்ப சிம்பிள்: விதைகள் அவரிடம் மட்டும் இல்லை.

2 கிலோ வாங்கு, 4 கிலோ கொடு

2003-ல் நம்மாழ்வாருடன் பூம்புகாரிலிருந்து கல்லணைக்கு நடைப்பயணம் போனபோது கிடைத்த சில பாரம்பரிய ரகங்களில்தான் ஜெயராமனின் தேடல் தொடங்கியது. பிறகு ஆண்டுதோறும் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். அங்கே வரும் விவசாயிக்கு 2 கிலோ விதைநெல் இலவசம். ஒரே ஒரு நிபந்தனை, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த 4 கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும்.

இப்படியே மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் பூங்காரும் பல மாவட்டங்களின் வயல்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு இடத்தில் வெள்ளம் வந்து அழிந்தாலும் இன்னொரு இடத்தில் இருக்கும். அவர் மறைந்த பிறகும் நெல் திருவிழா தொடர்ந்தது. 2021-ல் தமிழக அரசின் முதல் வேளாண் பட்ஜெட்டில் அவர் பெயரிலேயே பாரம்பரிய நெல் பாதுகாப்பு இயக்கம் அறிவிக்கப்பட்டது.

சரி, காய்கறி விதைக்கு இது செட் ஆகுமா?

காரைக்கால் மாவட்டத்து நெரவி மாதிரி ஒரு ஊரில், கொல்லையில் பல வருஷமாகக் காய்கறி போட்டுவந்த ஒரு பெரியவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பரணில் டப்பா டப்பாவாகக் கத்தரி, அவரை, சுரை, பூசணி விதைகள். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் பேரப்பிள்ளைகள் அதை என்ன செய்வது?

இங்கே நெல்லுக்கும் காய்கறிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. நெல், பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்ளும். பக்கத்து வயலில் வேறு ரகம் இருந்தாலும் கலப்பு குறைவு. தக்காளியும் அவரையும் ஓரளவு இதே குணம்தான். ஆனால் கத்தரியிலும் வெண்டையிலும் தேனீ கொஞ்சம் கலந்துவிடும். சுரை, பூசணி, பீர்க்கு, புடலையில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பூச்சி வந்தால்தான் காயே பிடிக்கும். பக்கத்து வீட்டில் கடைவிதை பூசணி இருந்தால், உங்கள் பூசணியின் விதை அடுத்த தலைமுறையில் வேறு ஆளாகிவிடும்.

வழி இருக்கிறது. நாளை விரியப்போகும் ஆண், பெண் மொட்டுகளை முந்தின நாளே மெல்லிய துணியால் மூடிக் கட்டுங்கள். பூ விரிந்ததும் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவி, மறுபடி மூடிவிடுங்கள். பூசணி விடிகாலையில் விரியும். சுரையும் பீர்க்கும் சாயங்காலத்தில். அந்தக் காயில் ஒரு கயிறு கட்டி அடையாளம் வையுங்கள். அதுதான் விதைக்காய். அதை முற்ற விடணும், சாம்பாருக்குப் பறிக்கக் கூடாது!

ஒரே செடியில் மட்டும் விதை எடுப்பதும் தப்பு. பல செடிகளிலிருந்து எடுத்துக் கலந்து வைத்தால்தான் அந்த ரகத்துக்குள் இருக்கும் பன்மை காப்பாற்றப்படும்.

டப்பாவில் எவ்வளவு நாள் தாங்கும்?

விதை உயிருள்ள பொருள், பழங்கால நாணயம் மாதிரி பூட்டி வைக்க முடியாது. வெங்காய விதை ஓரிரு வருஷத்தில் முளைப்புத் திறனை இழக்கும். கத்தரி, தக்காளி, பூசணி நன்றாகக் காய்ந்திருந்தால் நாலைந்து வருஷம்கூட வரும்.

எதிரிகள் இரண்டு: ஈரமும் சூடும். விதை ஆய்வாளர் ஹாரிங்டனின் கணக்குப்படி, விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும். வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிப்பாகும். கடலோரக் காற்றில், ஐப்பசி கார்த்திகை மழையில், திறந்து கிடக்கும் டப்பாவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் விதையைச் சாம்பலில் புரட்டி, காய்ந்த சுரைக்குடுக்கையில் போட்டு, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டது சும்மா இல்லை. ஈரமும் பூச்சியும் அண்டாமல் இருக்கத்தான்.

இன்றைக்கு என்றால், நிழலில் காயவைத்து, காற்றுப் புகாத கண்ணாடி பாட்டிலில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்தால், குளிர் விட்ட பிறகுதான் மூடியைத் திறக்கணும். இல்லையென்றால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

முதலில் என்ன செய்யணும்?

• எதையும் தூக்கிப் போடாதீர்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விதைத்தும் விடாதீர்கள். பாதி விதைப்புக்கு, பாதி கையிருப்புக்கு.

• 20 விதையை ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள். 10 நாளில் 10 முளைத்தால் முளைப்புத் திறன் 50 சதவீதம். இரண்டு மடங்கு விதைத்தால் போதும். வெண்டை, பாகல் போன்ற தடித்த தோல் விதைகளுக்கு இன்னும் சில நாள் கொடுங்கள்.

• பெயர் தெரிந்தவர்களைப் பிடியுங்கள். பாட்டி, பக்கத்து வீட்டு அத்தை, அவரோடு விதை மாற்றிக்கொண்ட நண்பர். எந்தப் பட்டத்தில் போட்டார், காய் எப்படி இருக்கும், எந்தக் குழம்புக்கு நன்றாக இருக்கும்? எல்லாவற்றையும் போனில் பதிவு செய்து, பாட்டிலில் சீட்டும் ஒட்டிவிடுங்கள். விதை முளைத்துவிடும், இந்தத் தகவல் போனால் திரும்பாது.

• குறைந்தது மூன்று வீடுகளுக்குக் கொடுங்கள், ‘இரண்டு பங்காகத் திருப்பித் தரணும்’ என்ற கண்டிஷனோடு.

சட்டச் சிக்கல் வருமா? வராது. பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001-ன் 39-வது பிரிவு, விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாற, விற்க விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை பிராண்ட் பெயரில் விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

உலக வங்கிகள் போதாதா?

நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008-ல் திறந்த பெட்டகத்தில் மைனஸ் 18 டிகிரியில் விதைகள் உறங்குகின்றன. டெல்லியில் நம் தேசிய மரபணு வங்கியும் இருக்கிறது. சிரியப் போரால் அலெப்போவில் இருந்த விதை வங்கியை இயக்க முடியாமல் போனபோது, 2015-ல் ஸ்வால்பார்டிலிருந்து விதைகள் எடுக்கப்பட்டன. எடுத்து என்ன செய்தார்கள்? லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். உறைபனியில் இருந்தாலும் கடைசியில் மண்ணுக்குத்தான் வரணும்.

அமெரிக்காவின் பிரபலமான ‘சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்’ 1975-ல் தொடங்கியதற்குப் பின்னால் இருப்பதும் ஒரு குடும்பக் கதை. தாத்தா கொடுத்துவிட்டுப் போன பூச்செடி, தக்காளி விதைகளைக் காப்பாற்ற நினைத்த பேத்தி டயான் ஓட் வீலியும் அவர் கணவர் கென்ட்டும்தான் அதன் நிறுவனர்கள்.

நெரவி புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் இருப்பதால், தமிழக அரசின் நெல் இயக்கம் அதன் எல்லைக்குள் வராது. ஆனால் காரைக்காலிலேயே பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரியும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. சந்தேகம் கேட்கப் போகலாம். விதை பரிமாற அதுகூடத் தேவையில்லை. ஆடிப் பட்டத்துக்கு முன்னால் ஒரு டப்பாவைத் திறந்து, முளைப்பு பார்த்து, மூன்று பொட்டலமாகக் கட்டினால், ஒரு வீட்டை நம்பியிருந்த ரகம் நாலு வீடுகளுக்குப் போய்விடும்.