படம் அதேதான், பார்ப்பவர்?

மாணவ நண்பர்களே! முன்பு பார்த்த திரைப்படம் ஒன்றைச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்த்ததுண்டா? அப்போது, “அன்றைக்கு இப்படித் தோன்றவில்லையே!” என்று வியந்திருப்பீர்கள். படம் மாறவில்லை. பின் எது மாறியது?

2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. அதே மாதம்தான் சேரன் இயக்கி நடித்த ‘ஆட்டோகிராப்’ வெளிவந்தது. திருமண அழைப்பிதழ் கொடுக்கப் புறப்படும் செந்தில், தன் கிராமத்துப் பள்ளி நாள்களையும் கேரளத்தில் கழிந்த இளமையையும் சென்னை வாழ்க்கையையும் நினைத்துப் பார்ப்பதே கதை. இக்கதை அதே ஆண்டில் தெலுங்கிலும் 2006இல் கன்னடத்திலும் எடுக்கப்பட்டது. மும்மொழியும் புழங்கும் எங்கள் ஓசூரில், ஒரே தெருவில் மூவர் இதை மூன்று மொழிகளில் பார்த்திருக்கக்கூடும்.

படம் வந்தபோது நான் முதுகலை இயற்பியல் மாணவன். சென்ற ஆண்டு, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளுடன் மீண்டும் பார்த்தேன். பள்ளிக்கூடக் காட்சிகளில் என் கண்கள் கலங்கின. “முதல் தடவையும் இந்த இடத்தில் அழுதேன், அம்மா” என்று அவளிடம் சொன்னேன்.

மறுநாள் பழைய நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன். அதில் என் கையெழுத்தில் இருந்தது என்ன தெரியுமா? “பள்ளிக்கூடப் பகுதி இழுவை. கேரளப் பகுதி அருமை!”

நான் மகளிடம் பொய் சொன்னேனா? இல்லை. உண்மை என்று நம்பியே சொன்னேன். அப்பாவுக்குச் சிப்காட் ஆலையில் வேலை கிடைத்ததால், 12 வயதில் கிராமத்தைவிட்டு ஓசூருக்கு வந்தவன் நான். கிராமத்துப் பள்ளிக்குக் கைபிடித்து அழைத்துச் சென்ற அப்பா இன்று இல்லை. இன்றைய துயரம் அன்றைய நினைவுக்குள் புகுந்துகொண்டது.

திரைப்படச் சுருள் நொடிக்கு 24 படங்கள் வீதம் ஓடுகிறது. எத்தனை முறை ஓட்டினாலும் அதே காட்சிகள்தாம். மூளை அப்படிப்பட்ட சுருள் அன்று. நினைக்கும் ஒவ்வொரு முறையும், கிடைத்த துணுக்குகளைக் கோத்து அது நினைவைப் புதிதாகக் கட்டுகிறது. இடைவெளிகளை இன்றைய அறிவாலும் உணர்ச்சியாலும் நிரப்புகிறது. கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் இதைக் காட்டினார். பழக்கமில்லாத வேற்று நாட்டுக் கதையொன்றைப் படித்தவர்கள், அதை மீண்டும் மீண்டும் நினைவிலிருந்து எழுதியபோது, தங்களுக்குப் பழகிய பொருள்களையும் காரணங்களையும் அதில் நுழைத்துவிட்டார்கள்!

‘ஆட்டோகிராப்’ படத்தின் வெவ்வேறு காலங்களை நான்கு ஒளிப்பதிவாளர்கள் படம்பிடித்தார்கள். நம் மூளையோ எல்லாக் காலத்தையும் இன்றைய ஒளியிலேயே காட்டுகிறது.

சோதனைச்சாலையில் ஒன்றை மாறாமல் வைத்துத்தானே மற்றொன்றின் மாற்றத்தை அளக்கிறோம்? மாறாத திரைப்படம் நம்மை அளக்க உதவும் அளவுகோல். ஆனால் முதல் அளவீட்டை எழுதி வைக்காவிட்டால் ஒப்பிடுவது எப்படி?

முதியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், ஏறத்தாழ 10 முதல் 30 வயதுக்குள் நிகழ்ந்தவையே மிகுதியாக வரும் என்று உளவியல் ஆய்வுகள் கூறுகின்றன. நீங்கள் இப்போது அந்த வயதில்தான் இருக்கிறீர்கள்!

ஆகவே ஒரு சோதனை செய்யுங்கள். உங்களுக்குப் பிடித்த படம் ஒன்றைப் பாருங்கள். பிடித்த காட்சி, பிடிக்காத காட்சி, அதற்கான காரணம் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதித் தேதியிட்டு உறையில் ஒட்டி வையுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து அதே படத்தைப் பார்த்துவிட்டு, முதலில் உங்கள் நினைவில் உள்ளதை எழுதுங்கள். அதன் பிறகே உறையைப் பிரியுங்கள்.

என் மகள் தன் உறையை ஒட்டிவிட்டாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.