கைமாறும் பழைய பொருளும் சட்டமும்

நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்து மானாவாரி ஊர்களில் பயன்பாடு முடிந்த வீட்டுப் பொருள் நெடுங்காலமாக உறவினர் வீட்டுக்கோ, காயலான் கடைக்கோ, பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தரும் வியாபாரியிடமோதான் போய்ச் சேர்ந்தது. கைப்பேசி பரவிய பின், வேண்டாத பொருளைப் படமெடுத்து வட்டார வாட்ஸ்அப் குழுவில் இட்டு, கேட்பவருக்கு விலையின்றிக் கொடுக்கும் வழியும் திறந்திருக்கிறது. 2003இல் அமெரிக்காவின் டூசான் நகரில் டெரன் பீல் மின்னஞ்சல் வழியாகத் தொடங்கிய ஃப்ரீசைக்கிள் இயக்கம் இவ்வழியின் முன்னோடி. 2017இல் திருநெல்வேலியில் மாவட்ட நிர்வாகம் அமைத்த ‘அன்புச் சுவர்’ இதன் நேரடி வடிவம். சுவரில் வைப்பவரும் எடுப்பவரும் ஒருவரையொருவர் அறிய வேண்டியதில்லை. குழுவிலோ கொடுப்பவரின் எண்ணும், வீட்டின் அடையாளமும், வீட்டில் ஆள் இருக்கும் நேரமும் முன்பின் தெரியாத பலருக்குத் தெரிந்துவிடுகின்றன.

கைம்மாறு பெறாமல் ஒருவர் மனமுவந்து கொடுப்பதை மற்றொருவர் ஏற்றுக்கொள்வதை 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் ‘கொடை’ என்கிறது. அசையும் பொருளாயின் பத்திரம் தேவையில்லை, ஒப்படைத்தாலே போதும். ஆகவே “எடுத்துக்கொள்ளலாம்” என்ற செய்தியைப் பார்த்து முதலில் கை தூக்கியவருக்கு அதனாலேயே பொருள்மீது உரிமை பிறப்பதில்லை. கைமாறிய பின், மனம் மாறிவிட்டது என்ற காரணத்தால் மட்டும் கொடுத்தவர் திருப்பிக் கேட்கவும் முடியாது. இரவல் இதிலிருந்து வேறுபட்டது. தையல் இயந்திரத்தை விலையின்றிப் பயன்படுத்தத் தந்தவர் அதைத் திரும்பப் பெறும் உரிமையைத் தம்மிடமே வைத்திருக்கிறார். அதில் தமக்குத் தெரிந்த குறையை முன்கூட்டியே சொல்லும் கடமையும், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, அவருக்கு உண்டு. கொடையா இரவலா என்பதைச் செய்தியிலேயே ஒரு வரியில் எழுதிவிடாததே பின்னாளில் பெரும்பாலான மனத்தாங்கலுக்கு இடம் தருகிறது.

தமக்குச் சொந்தமானதை மட்டுமே ஒருவர் கொடுக்க முடியும் என்பது சொல்லத் தேவையற்றதாகத் தோன்றலாம். ஆனால் பரணைச் சுத்தம் செய்யும் நாளில் முதலில் மறக்கப்படுவது அதுதான். பெயர் வெட்டிய சீர்ப் பாத்திரங்கள் அந்தப் பெயருக்குரிய பெண்ணின் சீதனம், அதாவது அவருடைய தனிச் சொத்து. கணவரோ மகனோ அவரைக் கேளாமல் அவற்றைக் குழுவில் இடச் சட்டத்தில் இடமில்லை. எரிவாயு உருளையோ எண்ணெய் நிறுவனத்தின் உடைமை. இணைப்பு வேண்டாமெனில் முகவரிடம் ஒப்படைத்து வைப்புத்தொகையைத் திரும்பப் பெறுவதே முறை.

கைப்பேசியில் ஆபத்து இருபுறமும் உண்டு. கொடுப்பவர் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி, கூகுள் கணக்கை நீக்கிய பிறகே தரவுகளை முழுவதுமாக அழிக்க வேண்டும். கணக்கை நீக்காமல் அழித்தால் புதியவருக்குக் கைப்பேசி திறக்காமல் பூட்டிக்கொள்ளக்கூடும். பெறுபவர் *#06# என அழுத்தினால் தோன்றும் ஐஎம்இஐ எனப்படும் 15 இலக்க அடையாள எண்ணை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்க்கலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றி வாங்கி வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்கீழ் குற்றம். விலை கொடுக்கவில்லை என்பது அங்கே விடையாகாது.

மோசடிக்காரர் பொருளுக்கு விலை கேட்பதில்லை, வண்டி வாடகையை மட்டும் முன்பணமாகக் கேட்கிறார். அல்லது தாமே பணம் அனுப்புவதாகச் சொல்லிக் க்யூஆர் குறியீட்டை அனுப்பி யுபிஐ பின் எண்ணை இடச் சொல்கிறார். பணம் பெற யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவைப்படாது. அதை இட்டால் பணம் வெளியேதான் போகும். ஏமாந்தவர் வெட்கப்பட்டு இரண்டு நாள் பேசாமல் இருப்பதே மோசடிக்காரருக்குக் கிடைக்கும் பெரிய அவகாசம். உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்தால், தொகை கணக்குகளைத் தாண்டிப் போய் எடுக்கப்படுவதற்குள் முடக்க வழியுண்டு. குற்றம் எங்கு நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம் என்பதை 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு உறுதிசெய்வதால், நரிக்குடியில் இருப்பவர் வெளியூர்க் காவல் நிலையத்துக்கு அலைய வேண்டியதில்லை.

உறுப்பினரின் பதிவுக்குத் தம்மீதும் வழக்கு வருமோ என்ற குழு நிர்வாகிகளின் அச்சத்துக்கு ஓரளவு விடை உண்டு: உறுப்பினர் ஒருவர் இட்ட பதிவு தொடர்பான வழக்கில், மனுதாரர் நிர்வாகியாக மட்டுமே இருந்தார் எனத் தெரிந்தால் அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்கக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2021இல் கூறியது. மோசடி எனத் தெரிந்தும் துணைபோகும் நிர்வாகிக்கு இது கவசமாகாது.

2006இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் இன்று ஓடாமல் கிடந்தால், அவற்றைக் கொடையாகக் கொடுப்பது குப்பையை இடம் மாற்றுவதே ஆகும். அவற்றின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருப்பதால், உடைக்காமல் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே தக்கது.

விலை கொடுத்து வாங்குபவரையும் அவர் இசைவுடன் பயன்படுத்துபவரையுமே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோர் என்கிறது. கொடுத்தவர் விலை பெறாததால், இலவசமாக வந்த மிக்ஸி பழுதானால் அவருக்கு எதிராக நுகர்வோர் ஆணையத்தை நாட முடியாது. ஆனால் அதை ஏற்றிவர வாடகை பெற்ற பார்சல் நிறுவனம் உடைத்துவிட்டால், அது சேவைக் குறைபாடாகி வழக்குக்கு இடமுண்டு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கான தொலைபேசி எண் 15100.