எண்ணக் குமிழின் விளிம்பு

கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் கிடக்கிறான் ஒருவன். விடிந்தால் தலை போய்விடும். கட்டிலில் அவன் கண்ணயர, மேலே சுவரில் சன்னல் திறந்ததுபோல அவனுடைய பழைய நாட்கள் ஓடுகின்றன. ஃபெர்டினாண்ட் செக்கா 1901-இல் பாத்தே நிறுவனத்துக்காக எடுத்த ‘ஒரு குற்றத்தின் வரலாறு’ என்ற பிரெஞ்சுப் படத்தில் வரும் காட்சி இது. கனவை அவர் படச்சுருளில் தனியாகப் பதிந்து ஒட்டவில்லை. சிறை செட்டுக்கு மேலேயே இன்னொரு குட்டி மேடை கட்டி, அதில் நடிகர்களை ஏற்றிவிட்டார். ஒருவன் நினைப்பதைத் திரையில் காட்டத் தச்சரைக் கூப்பிட வேண்டியிருந்தது!

இங்கிலாந்தில் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே வேறு வழியில் போயிருந்தார். அவருடைய ‘சாண்டா கிளாஸ்’ (1898) ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் படம். குழந்தைகள் தூங்கும் அறை இருள்கிறது. இருளுக்குள் ஒரு வட்டம் தோன்றுகிறது. வட்டத்துக்குள் கூரைமேல் சாண்டா. 1903-இல் எட்வின் போர்ட்டரின் ‘ஓர் அமெரிக்கத் தீயணைப்பு வீரரின் வாழ்க்கை’ படத்திலும் இதே வட்டம்தான். நாற்காலியில் அமர்ந்திருக்கும் தீயணைப்பு அதிகாரியின் நினைவில் ஒரு தாயும் குழந்தையும் வருகிறார்கள். இன்று எடிட்டிங் மென்பொருளில் பாத்திரத்தின் தலைக்கு மேல் நாம் வைக்கும் மேக வடிவ எண்ணக் குமிழுக்கு இவர்கள்தான் முன்னோடிகள்.

இந்த வட்டத்தின் அறிவியல் மிக எளியது. படச்சுருளில் ஒளி படாத இடம் இன்னும் எழுதாத இடம். ஒரு பகுதியைக் கறுப்பால் மறைத்துப் படம் பிடித்து, சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறைத்த பகுதியில் மட்டும் ஒளி படுமாறு மறுபடி பிடித்தால் இரண்டு காட்சிகளும் ஒரே சட்டத்தில் (ஃபிரேமில்) வந்துவிடும். சிக்கல் விளிம்பில்தான். இரண்டு பதிவுகளும் ஒரு மயிரிழை விலகினால் நடுவே கறுப்புக் கோடு. ஒரு மயிரிழை ஏறினால் வெளிறிய கோடு. மறைப்பு அட்டையை லென்ஸுக்கு மிக அருகில் வைத்தால் அது ஃபோகஸில் இருக்காது. விளிம்பு தானாகவே மங்கி, ஒரு காட்சி மற்றதில் கரையும். நம்மூர் இரட்டை வேடப் படங்களில் இரு நாயகர்களுக்கும் நடுவே ஒரு தூணோ கதவோ அடிக்கடி நிற்பதற்கும் இந்தக் கோட்டை ஒளிக்க வேண்டிய கட்டாயமே காரணம்.

கணினி வந்தபோதும் தொல்லை அதே இடத்தில்தான் தொடங்கியது. பிக்சல் சதுரமானது, மேகத்தின் விளிம்போ வளைவானது. ஒரு பிக்சலின் நடுவே விளிம்பு ஓடினால் அந்தப் பிக்சல் மேகத்தைச் சேர்ந்ததா, பின்னணியைச் சேர்ந்ததா? ஏதாவது ஒரு பக்கம் தள்ளினால் விளிம்பு படிக்கட்டாகிவிடும். 1970-களின் இறுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் வேலை செய்த ஆல்வி ரே ஸ்மித், எட் கேட்மல் இருவரும் இதற்கு வழி கண்டார்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களோடு நான்காவதாக ஓர் எண்ணையும் சேர்த்து வைத்தார்கள். அதுதான் ஆல்பா. 0 என்றால் முழுக்கத் தெரியாது, 1 என்றால் முழுக்கத் தெரியும், இடையில் உள்ளவை அரைகுறை. 1984-இல் லூகாஸ்ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் இந்த எண்ணைக் கொண்டு படங்களை அடுக்கும் கணக்கு முழுவதையும் ஒரு கட்டுரையில் வரையறுத்தார்கள். நால்வருக்கும் 1996-இல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. திரையில் யார் கண்ணுக்கும் படாத ஒன்றுக்கு விருது கொடுத்தது சரியான செயல் என்றே சொல்வேன்.

கணக்கைப் பார்ப்போம். 0 கறுப்பு, 255 வெள்ளை என்ற அளவில் மேகத்தின் நிறம் 240, பின்னாலுள்ள சுவரின் நிறம் 200. விளிம்பில் ஒரு பிக்சலின் ஆல்பா 0.25. அப்படியானால் பாலும் தண்ணீரும் கலப்பதுபோல மேகத்தில் ஒரு பங்கும் சுவரில் மூன்று பங்கும் சேர வேண்டும்: 60 + 150 = 210. அவ்வளவுதான். 1920-க்கு 1080 அளவுள்ள படத்தில் 20,73,600 பிக்சல்கள். நொடிக்கு 25 சட்டங்கள் என்றால், மென்பொருள் இந்தக் கூட்டலை நொடிக்கு 5 கோடியே 18 லட்சம் பிக்சல்களுக்கு, ஒவ்வொன்றிலும் மூன்று நிறங்களுக்கும் செய்தாக வேண்டும். பழைய கணினியில் குமிழ் வைத்தவுடன் வீடியோ விக்கித் திணறுவது இதனால்தான்.

அடுத்தது, பலரைப் படுத்தி எடுக்கும் கறுப்புக் கோடு. இணையத்தில் எடுத்த வெள்ளை மேகத்தைச் சுவர்மேல் வைத்தால் சுற்றிலும் அழுக்குப் படிந்ததுபோல ஒரு கோடு தெரியும். சில கோப்புகளில் நிறத்தை ஆல்பாவால் ஏற்கெனவே பெருக்கியே வைத்திருப்பார்கள். நம் பிக்சல் 240-ஆக இல்லாமல் 60-ஆகவே இருக்கும். அது தெரியாத மென்பொருள் மறுபடியும் பெருக்கினால் 60 என்பது 15 ஆகிறது. 15 + 150 = 165. மேகமும் அவ்வளவு கறுப்பில்லை, சுவரும் இல்லை, விளிம்பு மட்டும் இருண்டுவிட்டது. டாவின்சி ரிசால்வில் ‘கிளிப் ஆட்ரிபியூட்ஸ்’ பகுதியில் ஆல்பாவை ‘ஸ்ட்ரெய்ட்’, ‘பிரீமல்டிப்ளைடு’ என்று மாற்றிப் பார்த்தால் கோடு மறையும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இந்த இடத்தில் ‘கெஸ்’ என்றே ஒரு பொத்தான் இருக்கிறது. கோப்பு எந்த வகை என்று மென்பொருளே ஊகித்துச் சொல்லும். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

வகையைச் சரியாகச் சொன்ன பிறகும் சில நேரம் விளிம்பு மங்கித் தெரியும். பிக்சலில் எழுதியிருக்கும் எண் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இல்லாததே காரணம். 255 வெள்ளை, 0 கறுப்பு என்றால் பாதி ஒளி 128 என்றுதான் நினைப்போம். உண்மையில் 128 தரும் ஒளி, வெள்ளையில் ஏறக்குறைய 22 விழுக்காடு மட்டுமே. பாதி ஒளிக்கு 188 வேண்டும். எண்களை அப்படியே கலக்கும் மென்பொருள், ஃபெதர் கொடுத்து மென்மையாக்கிய மேக விளிம்பை இருட்டாக்கிவிடுகிறது. சிவப்புச் சேலைமேல் பச்சை விளிம்பு கரையும் இடத்தில் சேறுபோல ஒரு நிறம் வருவதும் இதனால்தான். ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் புராஜெக்ட் அமைப்புகளில் 1.0 காமாவில் நிறம் கலக்கும் வசதி உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் ஒளியை ஒளியாகவே கூட்டும்.

இனி பார்ப்பவரின் கண். கொசுவத்திச் சுருள் சுற்றினாலே ஃபிளாஷ்பேக் என்று புரிந்துகொள்கிற நமக்குக் குமிழின் அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண், புதிதாகத் தோன்றிய மேகத்துக்குத் தாவ ஆயத்தமாவதற்கே ஏறக்குறைய 200 மில்லிநொடி ஆகும். நொடிக்கு 25 சட்டம் என்ற கணக்கில் அது 5 சட்டங்கள். குமிழ் விரிந்தவுடனே உள்ளே முக்கியமான காட்சியைத் தொடங்கினால் அதன் தொடக்கம் வீணாகும். அதனால் முதலில் சிறு வட்டங்களை இரண்டு மூன்று சட்ட இடைவெளியில், தலையிலிருந்து மேகம் நோக்கி, சிறிதிலிருந்து பெரிதாக ஒவ்வொன்றாகத் தோன்ற விடுங்கள். அடுத்தடுத்த இடங்களில் தோன்றும் நிலையான உருவங்களை மூளை ஒரே நகர்வாகக் காண்பதை உளவியலாளர் மாக்ஸ் வெர்ட்ஹைமர் 1912-இலேயே ஆராய்ந்து எழுதினார். அந்த மாயை கண்ணைக் கைபிடித்துக் குமிழுக்குள் அழைத்துப்போகும். மூன்று வட்டம் போதும். ஐந்தாறு வைத்தால் பாத்திரம் நினைப்பதற்குள் பார்ப்பவர் வேறெதையோ நினைக்க ஆரம்பித்துவிடுவார்.

செய்முறை நீளமானதல்ல. கீழ் லேயரில் முகம், மேலே நினைவுக் காட்சி. மேல் லேயரில் பென் கருவியால் மேக வடிவில் மாஸ்க் வரைந்து கொஞ்சம் ஃபெதர் கொடுங்கள். குமிழின் அளவுக்கு இரண்டு கீஃப்ரேம் வைத்து, முடிவில் வேகம் தணியுமாறு அமையுங்கள். நடிகர் தலையை அசைத்தால் வட்டங்களும் கூடவே நகர வேண்டும். அதற்கு டிராக்கிங் இருக்கிறது. நினைவுக் காட்சியின் நிறத்தைச் சற்றுக் குறைத்தால் நல்லது. பளபளக்கும் ஓரம், நிழல், மின்மினி என்று மென்பொருள் தரும் அலங்காரங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை பார்வையை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்துகின்றன.

செய்த குமிழை வேறு வீடியோக்களிலும் பயன்படுத்தத் தனியாகச் சேமிக்க விரும்பினால் ஒரு விஷயம். வழக்கமான எச்.264 எம்பி4 கோப்பாக எக்ஸ்போர்ட் செய்தால் ஆல்பா தொலைந்து, குமிழைச் சுற்றிக் கறுப்புதான் வரும். ப்ரோரெஸ் 4444 கோப்பாகவோ பிஎன்ஜி படவரிசையாகவோ எடுங்கள். கோப்பு பெரிதாக இருக்கும். வன்தட்டில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.